குரல் காட்டி அழைத்தல்

தோற்றுவாய்

காட்டிற்குச் சென்று மீண்ட மாணாக்கர் பலர், "அங்கே ஒன்றையும் கண்டிலேம்" என்று கூறக் கேட்கின்றோம். காடு வெறிதாய்க் கிடந்தது என்பது அதன் பொருளாகாது. மரப்பட்டையின் நிறத்தோடு ஒத்த நிறமுடைய ஆந்தை பகல் முழுதும் அசையாது அமர்ந்திருக்கும். புதரடியில் மேயும் பறவை ஆளரவம் கேட்டவுடன் நின்றுவிடும். இரவில் இயங்கும் விலங்கு நம் விளக்கொளிக்கு அப்பால் விலகிப் போம். கண்ணுக்கு அகப்படாத இவ்வுயிர்களுட் பல செவிக்கு அகப்படுவன. தம்மினத்தின் குரல் கேட்டவிடத்து எதிர்க்குரல் கொடுப்பனவும், அக்குரல் எழுந்த திசையை நாடி வருவனவும் இவற்றுள் உண்டு. இவ்வியல்பைத் துணையாகக் கொண்டு, முன்னரே பதிந்து வைத்த குரலைக் கையிற் கொண்டு செல்லத்தக்க சிறிய ஒலிபெருக்கியின் வாயிலாகக் காட்டினிடையே ஒலிக்கச் செய்து, மறைந்துறையும் உயிர்களை அறியும் முறை ஒன்று உயிர்நூலாரிடையே வழங்குகின்றது. அதன் வரலாறும் அடிப்படையும் பயனும் தீங்கும் செய்முறையும் ஈண்டு முறையே ஆராயப்படும்.

ஆராய்ச்சியாளர் சிலர்க்கே உரியதாயிருந்த இக்கருவி இந்நாளில் எல்லார் கைக்கும் எட்டிவிட்டது. ஒரு கைப்பேசியும் உள்ளங்கையளவான ஓர் ஒலிபெருக்கியும் உடையவர் எவரும், எப்பறவையின் குரலையும் எவ்விடத்தும் எழுப்ப வல்லவராவர். கருவி எளிதாயிற்று, அதனைக் கையாளும் அறிவு அத்துணை எளிதாகப் பரவவில்லை. ஆகலின் இப்பொருளை மாணாக்கர் தெளிந்து கொள்ளுதல் இன்றியமையாததாகும்.

பழைய வழக்கம்

உயிரைக் கொண்டு உயிரை அழைத்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. பழந்தமிழில் பார்வை என்னும் சொல்லுக்குக் காண்டல் என்னும் பொருளோடு, தன்னினத்தை அழைத்துப் பிடிப்பதற்கென வேட்டுவர் பழக்கி வைத்த விலங்கு அல்லது பறவை என்னும் பொருளும் உண்டு. வேட்டுவர் மனையிற் கட்டப்பட்ட பார்வைமான் புறநானூற்றிலும் பேசப்படுகின்றது. கூட்டில் அடைத்த கவுதாரியைப் புதரருகே வைத்துச் சுற்றிலும் கண்ணி பரப்பி, அதன் கூவலைக் கேட்டுச் சினந்தோடி வரும் பிற கவுதாரிகளை அகப்படுத்துதல் நம் சிற்றூர்களில் நெடுங்காலம் வழங்கிய தொழிலாகும். அவ்வேட்டுவர் அறிந்திருந்த உண்மையொன்று கருதத்தக்கது. கவுதாரி தோழமை நாடி வரவில்லை. தன் நிலத்திற் புகுந்த பகைவனைத் துரத்தவே வந்தது. பிற்காலத்து அறிவியல் ஆராய்ச்சி பலவும் இவ்வுண்மையின் விரிவேயாம்.

கருவியின் வரலாறு

ஒலியைப் பதிந்து மீண்டும் எழுப்பும் கருவியை எடிசன் என்னும் அமெரிக்கர் 1877-ஆம் ஆண்டில் இயற்றினார். பன்னிரண்டு ஆண்டுகட்குப் பின், 1889-இல், ஜெர்மனி நாட்டுச் சிறுவராகிய லுட்விக் காக் என்பவர் மெழுகு உருளையில் ஒரு பறவையின் பாட்டைப் பதிந்தார். இன்று நமக்குக் கிடைக்கும் பறவைப் பதிவுகளுள் அதுவே மிகப் பழையது. அப்பறவை நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளிலும் வாழும் சோலைப்பாடி என்பது நாம் மகிழ்தற்குரிய செய்தி. கூட்டில் வளர்க்கப்பட்டிருந்தமையின் அதன் பாட்டைப் பதிதல் அச்சிறுவர்க்கு இயல்வதாயிற்று.

காட்டிடையே சென்று பதிதல் அத்துணை எளிதாயிருக்கவில்லை. அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தார் 1929-இல் அம்முயற்சியைத் தொடங்கினர். அவர்களே 1935-இல் அருகி வந்த தந்த அலகு மரங்கொத்தியின் குரலைப் பதிதற்குப் பெருஞ்சுமையான கருவிகளைச் சதுப்புக் காட்டினுள் வண்டியிலேற்றிச் செல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் காந்த நாடாக் கருவி பரவிற்று; பின்னர் அது தோளில் தொங்கவிடத்தக்க அளவிற்குச் சுருங்கிற்று. பதிந்த குரலை அவ்விடத்திலேயே திரும்ப ஒலிக்கச் செய்து உயிர்களின் மறுமொழியை அறிதல் அதன் பின்னரே பெருவழக்காயிற்று.

உயிர்கள் செவிசாய்க்கும் காரணம்

ஒலிபெருக்கியை நோக்கி ஓர் உயிர் வருதற்கு நான்கு காரணங்கள் கூறலாம்.

முதலாவது, நிலங்காத்தல். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்பறவை தனக்கென ஓரெல்லை வகுத்துக்கொண்டு பாடுகின்றது. அப்பாட்டுப் பிற ஆண்களுக்கு எச்சரிக்கையாகும். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டை அடுத்த வைத்தம் காட்டில் ஜான் கிரெப்ஸ் என்பவரும் அவர்தம் துணைவரும் செய்த சோதனை ஒன்று இதனை நன்கு விளக்கும். அவர்கள் நம் பட்டாணிக்குருவிக்கு நெருங்கிய இனமாகிய ஒரு குருவியின் ஆண்களை அவற்றின் நிலங்களினின்றும் அகற்றினர். சில நிலங்களில் அவற்றின் பாட்டை ஒலிபெருக்கிகள் வாயிலாக எழுப்பினர். சிலவற்றை வாளா விட்டனர். பாட்டு ஒலித்த நிலங்களிற் புதுக்குருவிகள் குடிபுகுதற்கு மற்றவற்றினும் நெடுநேரம் பிடித்தது. பறவையில்லாத இடத்திற் பாட்டே காவலாக நின்றது. அந்நிலத்திற்கு உரிய பறவை அங்கிருக்குமாயின், அதே பாட்டு அதனைப் போருக்கு அழைப்பதாகும்.

இரண்டாவது, துணைநாடல். பெண்தவளை ஆண்தவளையின் குரல் கேட்டு இருளில் வழியறிந்து செல்கின்றது. ஒலிபெருக்கியை நோக்கியும் அவ்வாறே செல்லும்.

மூன்றாவது, கூட்டம் நாடல். கூட்டமாய்க் கூடுகட்டும் கடற்பறவைகள் தம்மினத்தின் ஆரவாரம் கேட்குமிடமே காவலான இடமென்று கருதி இறங்குகின்றன.

நான்காவது, இரைதேடல். கன்று கதறும் ஒலியைக் கேட்டுச் சிங்கமும் கழுதைப்புலியும் வருகின்றன. பனாமா நாட்டில் டட்டில், ரயன் என்னும் இருவர் 1981-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தவளைக்குரல் ஒலித்த கருவிகளை நோக்கித் தவளையுண்ணும் வௌவால்கள் வந்தமை காட்டப்பட்டது. எனவே யாம் ஒரு குரலை எழுப்புங்கால் அதனைக் கேட்போர் யாம் கருதிய உயிர் மட்டுமல்லர் என்பதை மறத்தலாகாது.

இம்முறையால் விளைந்த பயன்கள்

ஆந்திர நாட்டுக் கடப்பைப் பகுதியின் புதர்க்காடுகளில் ஓர் அரிய பறவை உண்டு. ஆங்கிலேய மருத்துவராகிய ஜெர்டன் என்பவர் 1848-ஆம் ஆண்டையொட்டி அதனை உலகிற்கு அறிவித்தமையின் அவர் பெயராலேயே அது வழங்குகின்றது. தெலுங்கு மக்கள் அதனைக் கலிவிக்கோடி என்பர். களாப்புதர்க் கோழி என்பது அதன் பொருள். 1900-இல் அனந்தப்பூரை அடுத்துக் காணப்பட்ட பின், எண்பத்தைந்து ஆண்டுகட்கு மேலாக எவரும் அதனைக் கண்டிலர். அவ்வினம் அற்றுவிட்டது என்றே பலர் கருதினர். 1986-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களிற் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சார்ந்த பரத் பூஷண் என்பவர், அவ்வூர் மக்களின் துணைகொண்டு அதனை மீண்டும் கண்டறிந்தார்.

கண்ட பின்னரும் அப்பறவையை ஆராய்தல் அரிதாயிருந்தது. அஃது இரவில் இயங்குவது. புதர்களுக்கிடையே உள்ள வெறுநிலத்தில் ஓசையின்றி ஓடுவது. ஆராய்ச்சியாளர் நிலத்தைச் சமப்படுத்தி மென்மணல் பரப்பி அடிச்சுவடு பார்த்தனர். தானே இயங்கும் ஒளிப்படக் கருவிகளையும் வைத்தனர். ப. ஜெகநாதன் முதலியோர் அதன் குரலைப் பதிந்தமை அம்முயற்சிகளுக்குப் பெருந்துணையாயிற்று. ஞாயிறு மறைந்து ஏறத்தாழ முக்கால் மணி நேரத்திற்குப் பின், சிறிது பொழுதே கேட்கும் ஈரசைக் குரல் அது. அப்பொழுதில் அக்குரலை ஒலிக்கச் செய்து எதிர்க்குரலுக்காகக் காத்திருத்தலின் மூலம் அதன் இருப்பிடங்களை ஆராய்தல் கூடிற்று. ஓரிடத்தில் ஓருயிர் உண்டென்று நாட்டினாலன்றி அவ்விடத்தைக் காத்தல் இயலாது. கால்வாய்க்கென அக்காட்டின் நிலம் அகழப்பட்டபோது, இவ்வாராய்ச்சியாற் கிடைத்த செய்திகளே கால்வாயின் வழியை மாற்றும்படி கேட்பதற்குச் சான்றாயின.

இலங்கையிலும் இதனோடு ஒத்த வரலாறு உண்டு. தீபால் வரகாகொட என்பவர் 1995-இல் கித்துல்கலக் காட்டில் தாம் முன்னர்க் கேட்டறியாத ஒரு குரலை இரவிற் கேட்டார். அக்குரலுக்குரிய பறவையைச் சிங்கராசக் காட்டில் 2001-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் கண்டார். செந்நிறமான ஒரு சிறிய ஆந்தை அது. 2004-இற் புதிய இனமாக அது விவரிக்கப்பட்டது. 1868-இற்குப் பின் அத்தீவிற் புதிதாகக் கண்டறியப்பட்ட முதற் பறவையினம் அதுவே. செவி முன்னே சென்றது. கண் ஆறாண்டு கழித்தே பின்தொடர்ந்தது.

ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிச் சமவெளியிற் காரன் மெக்கோம்ப் முதலியோர் 1994-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் குறிப்பிடத்தக்கது. அவர்கள் ஒரு பெண்சிங்கத்தின் முழக்கத்தை ஒருகாலும், மூன்று பெண்சிங்கங்களின் முழக்கத்தைப் பிறிதொருகாலும் பெண்சிங்கக் கூட்டங்களுக்குக் கேட்பித்தனர். ஒன்றன் குரல் கேட்டபோது முன்வந்த கூட்டங்கள், மூன்றன் குரல் கேட்டபோது தம் எண்ணிக்கையை ஒப்பிட்டறிந்தன போலத் தயங்கின.

அழிந்த குடியிருப்புகளை மீட்டலும் இம்முறையால் இயன்றது. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தை அடுத்துள்ள ஈஸ்டர்ன் எக் ராக் என்னும் சிறு தீவில் ஆலாக்கள் கூடுகட்டுதல் பல பத்தாண்டுகளாக நின்று போயிருந்தது. ஸ்டீபன் கிரெஸ் என்பவர் மரத்தால் இயன்ற பறவை உருவங்களை நாட்டி, ஆலாக்களின் ஆரவாரத்தை ஒலிக்கச் செய்தார். 1980-இல் ஆலாக்கள் மீண்டும் அத்தீவிற் கூடு கட்டின. ஆஸ்திரேலியாவின் லிசார்டு தீவை அடுத்து, 2019-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆராய்ச்சியில், அழிந்த பவளச் சிதைவுகளினிடையே நலமான பவளப்பாறையின் ஒலியை நாற்பது நாட்கள் எழுப்பியபோது, ஒலியில்லாத இடங்களைக் காட்டிலும் இருமடங்கு மீன்கள் வந்து தங்கின.

நியூசிலாந்தின் மானா தீவிலோ இதன் மற்றொரு முகம் புலப்பட்டது. அங்கே கானட் என்னும் கடற்பறவைகளை அழைப்பதற்காகக் கற்காரை உருவங்களும் ஒலிபெருக்கிகளும் வைக்கப்பட்டன. ஒரே ஓர் ஆண்பறவை வந்து, உயிரற்ற உருவமொன்றைத் துணையாகக் கருதிக் கூடமைத்து ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தது. ஒலிபெருக்கிகளின் இடம் மாற்றப்பட்ட பின்னரே வேறு மூன்று பறவைகள் அங்கு வந்தன. 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்முதற்பறவை அவ்வுருவத்தின் அருகிலேயே இறந்து கிடந்தது. ஒலி என்பது உயிர்களுக்கு வாக்குறுதி போல்வது. அதனை நம்பி அவை தம் வாழ்நாளைச் செலவிடுகின்றன என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

இம்முறையால் விளையும் தீங்குகள்

ஒரு குரலை எழுப்பிப் பறவையைப் பார்த்துவிட்டு யாம் மீண்டு விடுகின்றோம். பின்னர் அப்பறவைக்கு யாது நிகழ்ந்தது என்பதை அறிவதில்லை. அதனை அறிய முயன்ற ஆராய்ச்சிகள் சில உண்டு.

கானடா நாட்டில் டானியல் மென்னில் முதலியோர் 2002-இல் வெளியிட்ட சோதனை இது. பட்டாணிக்குருவியின் குடும்பத்தைச் சார்ந்த சிக்கடி என்னும் குருவியில், தம்முள் உயர்நிலை பெற்ற ஆண்கள் சிலவற்றிற்கு எதிராக ஒலிபெருக்கி சில நிமிடங்கள் விடாது பாடிற்று. காணாத பகைவனை அவ்வாண்கள் வெல்ல இயலவில்லை. அப்போட்டியைக் கேட்டிருந்த பெண்குருவிகள் தம் துணைவர் தோற்றனர் என்று கருதின போலும். அவற்றின் கூடுகளில் வேறு ஆண்களுக்குப் பிறந்த குஞ்சுகள் மிகுந்திருந்தன. சில நிமிடப் பாட்டு ஒரு குடும்பத்தின் நிலையை மாற்றிவிட்டது.

பகைவிலங்கின் குரலோ இன்னும் கொடிது. அந்நாட்டிலேயே லியானா சானெட் முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பாட்டுக்குருவிகளின் கூடுகளுக்கு வலையும் வேலியும் அமைத்து உண்மையான பகைவர் அணுகாதவாறு காத்தனர். பகைவரின் குரலை மட்டும் ஒலிக்கச் செய்தனர். அச்சத்தினாலேயே அவ்வாண்டில் அக்குருவிகள் வளர்த்த குஞ்சுகளின் தொகை நூற்றுக்கு நாற்பது குறைந்தது. சிறு குருவிகளைத் திரட்டுதற்கென்று ஆந்தையின் குரலை எழுப்புவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

பழகிப் போதலும் ஒரு தீங்கே. ஈக்வடார் நாட்டில், பறவை காண்போர் செய்வது போல நாள்தோறும் குரலெழுப்பி ஆராய்ந்தபோது, ரென் என்னும் ஒருவகைக் குருவிகள் முதற் சில நாட்களில் மிகுதியாக எதிர்ப்பாட்டுப் பாடின. பன்னிரண்டாம் நாளளவில் அம்மிகுதி மறைந்தது. 2013-இல் இது வெளியாயிற்று. முதல் நாட்களிற் பறவையின் உழைப்பு வீணாகின்றது. பின்னாட்களில் நம் முறையே பயனற்றுப் போகின்றது.

வேட்டைக்கும் இக்கருவி பயன்படுதலின் சட்டங்களும் இதனைக் கருதியுள்ளன. ஐரோப்பிய நாடுகள் 1979-இல் வகுத்த பறவைப் பாதுகாப்பு விதியிற் பறவைகளைப் பிடித்தற்குத் தடுக்கப்பட்ட கருவிகளுள் ஒலிப்பதிவுக் கருவியும் எண்ணப்பட்டது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்னும் சொல்லின் பொருளுள், பிடித்தல், கண்ணி வைத்தல், விரட்டுதல், ஆசைகாட்டி இழுத்தல் என்பனவும் அடங்கும்.

ஒலியின் இயல்பு

கருவியைக் கையாளுவோர்க்கு ஒலிநூல் அறிவு சிறிதேனும் வேண்டும். திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகுந்தோறும் ஒலியின் அளவு ஆறு டெசிபெல் குறையும். ஒரு மீட்டர் தொலைவில் எண்பது டெசிபெல் உடைய ஒலி, இரண்டு மீட்டரில் எழுபத்து நான்காகவும், நான்கு மீட்டரில் அறுபத்தெட்டாகவும், பதினாறு மீட்டரில் ஐம்பத்தாறாகவும் தேயும். காட்டில் இலைகளும் கிளைகளும் ஒலியைச் சிதறச் செய்தலின், கூர்மையான குரல் இதனினும் விரைந்து தேயும். தாழ்ந்த குரல் தொலைவு செல்லுமேனும், உள்ளங்கையளவான ஒலிபெருக்கி அதனைச் செவ்வையாக எழுப்ப மாட்டாது. பெரிய ஆந்தைகளின் குரல் அதில் மெலிந்தே கேட்கும். எதிர்மொழி வாராமைக்கு உயிரின்மை மட்டுமே காரணமென்று முடிவு செய்தல் ஆகாமைக்கு இதுவும் ஓர் ஏதுவாகும். அளவை மிகவுயர்த்தினால் குரல் திரிபடைந்து, அருகிலுள்ள உயிர் அஞ்சியோடும். அப்பறவை இயல்பாக எழுப்பும் அளவே தக்க அளவாம்.

செய்முறை

ஆராய்ச்சி கருதி இம்முறையை மேற்கொள்வோர் கீழ்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று.

முதற்கண், வினா ஒன்று இருத்தல் வேண்டும். ஓருயிர் ஓரிடத்தில் உண்டா, எத்துணை உண்டு என்றாற் போன்ற வினாவிற்கு விடைகாண வேறு வழி இருப்பின் அதனையே கொள்ளுக.

இரண்டாவது, வனத்துறையினரிடத்து எழுத்து வாயிலாக இசைவு பெறுக.

மூன்றாவது, ஒலிக்கு முன் மௌனம் வேண்டும். சில நிமிடங்கள் செவிகொடுத்து நின்றால், அழையாமலேயே பாடும் பறவைகள் பல வெளிப்படும். அவற்றின்பொருட்டு ஒலிபெருக்கி வேண்டுவதில்லை.

நான்காவது, குரலை அரை நிமிட அளவே ஒலித்து, அதனினும் நெடிது காத்திருக்க. எதிர்க்குரல் வந்தவுடன் நிறுத்துக. வினாவிற்கு விடை கிடைத்துவிட்டது.

ஐந்தாவது, அவ்வட்டாரத்திற் பதிந்த குரலையே கொள்ளுக. ஒரே பதிவையே எங்கும் ஒலியாது, பல பறவைகளின் பதிவுகளை மாற்றி மாற்றிக் கையாளுக. ஒரே பதிவால் வந்த விடை அவ்வொரு பதிவைப் பற்றியதே ஆகலாம்; இனத்தைப் பற்றியதாகாது. டொனால்டு குரூட்ஸ்மா என்பவர் 1989-இல் இதனை வற்புறுத்தினார்.

ஆறாவது, கூட்டின் அருகேயும், அருகி வரும் இனங்களின் இருப்பிடத்தும், பலர் நாள்தோறும் வந்து செல்லும் இடத்தும் ஒலித்தலைத் தவிர்க்க. ஆராய்ச்சிக்கென இசைவு பெற்றோர்க்கே அருகிய இனங்களைப் பற்றிய இவ்வேலை உரியது.

ஏழாவது, நாள், நேரம், இடம், காற்று, ஒலித்த கால அளவு, விடை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. விடை வாராத இடங்களையும் தவறாது எழுதுக, அவையும் அறிவேயாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால், குரல் காட்டி அழைத்தல் அற்றுப் போயின என்று கருதப்பட்ட உயிர்களை ஆராய்தற்கும் இழந்த கூட்டங்களை மீட்டற்கும் பயன்பட்டது என்பதும், அதே முறை அறியாமையோடு கையாளப்படின் பறவையின் உணவு நேரத்தையும் துணையையும் குஞ்சுகளையும் பறிக்க வல்லது என்பதும் விளங்கும். ஒளிப்படம் ஒன்று எடுத்தற்காகவோ, கண்ட பறவைகளின் பட்டியலில் ஒரு பெயர் கூட்டுதற்காகவோ ஓருயிரைப் பொய்ப்போருக்கு அழைத்தல் கற்றார்க்கு அழகன்று.

நம் கல்லூரி இயற்கைக் கழகத்து மாணாக்கர்க்கு ஒன்று கூறி அமைவேன். இவ்வாண்டுச் சுற்றுலாவில் ஒலிபெருக்கியைப் பையிலேயே விட்டு, விடியற்காலையில் ஒரு மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து, கேட்ட குரல்களையெல்லாம் நேரத்தோடு எழுதி வருக. அதே இடத்தில் அதே நேரத்தில் திங்கள்தோறும் அவ்வாறு எழுதிவரின், ஓராண்டில் அக்காட்டின் குரற்பட்டியல் ஒன்று உருவாகும். பின்னர் யாரேனும் அங்கே ஒலிபெருக்கி கொண்டு ஆராய விரும்பின், எதனை அழைக்க வேண்டும், எதனை அழைக்க வேண்டுவதில்லை என்பதை அப்பட்டியலே அவர்க்கு உரைக்கும்.